தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நாலு மெடல்: போர்க்காலக் கடற்படைக்காரரைப் பற்றி எங்கே, எப்படித் தேடுவது?

வல்லநாட்டான்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் எங்கள் ஆச்சி தவறிவிட்டார்கள். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். தாத்தா 1983-இல் இறந்ததிலிருந்து ஆச்சி அதை யாரையும் தொட விட்டதில்லை.

உள்ளே இருந்தவை: நாலு மெடல்கள் (மூன்று நட்சத்திர வடிவம், ஒன்று வட்டம்), நங்கூரமும் கிரீடமும் பதித்த பித்தளைப் பொத்தான்கள், வளைந்த குழாய் போல ஒரு ஊதல், கடற்படை உடுப்பில் தாத்தாவின் போட்டோ ஒன்று, அப்புறம் துணி ஒட்டிய மாதிரி கனமான, நாலாக மடித்த ஒரு காகிதம். அந்தக் காகிதத்தின் மடிப்புகளைக் கரையான் அரித்திருக்கிறது. எழுத்தும் மங்கல்.

தாத்தா எங்களிடம் எதுவுமே சொன்னதில்லை. வீட்டில் மூன்று விதமாகப் பேசிக்கொள்வார்கள். ஆச்சி "பம்பாயில் கப்பல் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஊரில் சிலர் "நேவியிலிருந்து துரத்திட்டாங்க" என்பார்கள். அந்தப் பேச்சு எங்கள் அம்மாவையும் பெரியம்மாவையும் சின்ன வயதில் ரொம்பவே நோகடித்திருக்கிறது. என் அத்தை மகனோ, தாத்தா 1946 கடற்படை எழுச்சியில் இருந்தவர் என்று உறுதியாகச் சொல்கிறான். தாத்தா கடைசி வரைக்கும் தன் சாப்பாட்டு அரிசியை முறத்தில் போட்டுத் தானே கல் பொறுக்குவார். அந்த எழுச்சி சாப்பாட்டுப் பிரச்சினையில்தானே தொடங்கியது, அதனால் இதுவே சாட்சி என்பது அவன் கட்சி.

இதில் எது உண்மை என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? இன்னொரு சந்தேகம்: போட்டோவில் தொப்பி நாடாவில் எச்.எம்.ஐ.எஸ். என்ற எழுத்துகள் மட்டும்தான் இருக்கின்றன, கப்பல் பெயர் இல்லை. வேண்டுமென்றே அழித்திருப்பார்களோ?

பழம்பொருள் பிரியன்

ஐயா, முதலில் ஒரு வேண்டுகோள். யாரும் அந்த மெடல்களைத் துலக்க வேண்டாம். புளி, விபூதி, பாலிஷ் எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் கார்த்திகைக்கு விளக்கு துலக்கும்போது மெடலையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்கள். அப்படித் தேய்ந்துபோன எத்தனையோ மெடல்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டாம் உலகப்போர் மெடல்களைப் பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் பெயரும் எண்ணும் உண்டு. நட்சத்திரத்துக்குப் பின்பக்கம், வட்ட மெடலுக்கு விளிம்பு. பல குடும்பங்களில் கடற்படை எண் மிஞ்சியிருப்பது அந்த விளிம்பில் மட்டும்தான். எண் கையில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, போனில் படம் எடுங்கள். நேரே வெளிச்சம் அடித்தால் எதுவும் தெரியாது. சாய்வு வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்தும் நிழல் விட்டுத் தெரியும். நாடாக்களின் நிறத்தையும் வரிசையாக எழுதுங்கள். நாடாவைத் தண்ணீரில் நனைத்துவிடாதீர்கள்.

கொடிமரம்

நான் தூத்துக்குடிக்காரன், கடற்படையில் பதினைந்து ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். தொப்பி நாடாவை யாரும் அழிக்கவில்லை. போர்க்காலத்தில் மாலுமி எந்தக் கப்பலைச் சேர்ந்தவர் என்று எதிரியின் ஆட்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் பெயரில்லாத நாடாதான் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் எச்.எம்.எஸ்., நம் ராயல் இந்தியன் நேவியில் (பிரிட்டிஷ் ஆட்சிக் கால இந்தியக் கடற்படை) எச்.எம்.ஐ.எஸ்., அதாவது மன்னரின் இந்தியக் கப்பல். ஆகவே அந்தப் போட்டோ போர்க்காலத்தில் எடுத்தது என்று அந்த நாடாவே சொல்கிறது.

போட்டோவில் அவருடைய வலது கையைப் பாருங்கள். சட்டைக்கையில் ஏதாவது சின்னம் தைத்திருக்கிறதா? கப்பல் விசிறி என்றால் ஸ்டோக்கர், அதாவது எஞ்சின் பக்கம். குறுக்கே போட்ட இரண்டு கொடி என்றால் சிக்னல்மேன். இறக்கையும் மின்னலும் என்றால் டெலிகிராபிஸ்ட், அதாவது வயர்லெஸ்காரர். போட்டோவின் பின்பக்கமும் முக்கியம், ஸ்டுடியோ முத்திரை இருந்தால் எந்தத் துறைமுகம் என்று தெரிந்துவிடும்.

அந்த ஊதலை நாங்கள் பைப் என்போம். கப்பலில் உத்தரவுகளை அதில் ஊதித்தான் சொல்வது. இன்றைக்கும் இருக்கிறது.

வல்லநாட்டான்

உடனே பதில் சொன்னதற்கு நன்றி. துலக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், ஆனால் ஆச்சி ஏற்கெனவே பல வருடம் துலக்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது. வட்ட மெடலின் விளிம்பு வழுவழுவென்று இருக்கிறது.

போட்டோவில் வலது கையில் இறக்கை, நடுவே மின்னல். நன்றாகவே தெரிகிறது. பின்பக்கம் பம்பாய் ஸ்டுடியோ முத்திரை.

நாடாக்கள்: ஒன்று கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று பட்டை. இரண்டாவது கருநீலத்தில் நடுவே சிவப்பு, இரண்டு பக்கமும் ஆரஞ்சுக் கோடு. மூன்றாவது சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு. வட்ட மெடலில் நாடாவே இல்லை. அதன் ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் ஒரு சிங்கம் எதையோ மிதித்துக்கொண்டு நிற்கிறது.

பழம்பொருள் பிரியன்

சிங்கம் மிதிப்பது இரட்டைத் தலை டிராகனை. அது 1939-45 போர் மெடல், 28 நாள் சேவை இருந்தாலே கிடைக்கும். முதல் நட்சத்திரம் 1939-45 ஸ்டார். மூன்று நிறமும் கடற்படை, தரைப்படை, விமானப்படையைக் குறிப்பவை. கடற்படைக்காரர் அதைப் பெற, போர் நடக்கும் கடலில் ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். உங்கள் தாத்தா பம்பாய்க் கரையிலேயே உட்கார்ந்திருந்தவர் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது.

இரண்டாவது பர்மா ஸ்டார். இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். "தாத்தா பர்மாவில் சண்டை போட்டார்" என்று பல வீடுகளில் சொல்வது இந்த மெடலை வைத்துத்தான். ஆனால் கடற்படைக்கு இதன் எல்லை வங்காள விரிகுடா. இலங்கையின் தென்முனைக்குத் தெற்கே தொடங்கி சுமத்ரா பக்கம் வரைக்கும் போகும் ஒரு கோட்டுக்குள் போர்ப்பணியில் இருந்தால் போதும், பர்மா மண்ணில் கால் வைத்திருக்க வேண்டியதில்லை. பர்மா ஸ்டார், பசிபிக் ஸ்டார் இரண்டையும் ஒருவருக்குத் தரவும் மாட்டார்கள். முதலில் சம்பாதித்த ஸ்டாரைக் கொடுத்து, இன்னொன்றுக்கு நாடாவில் ஒரு சின்ன உலோகப் பட்டை சேர்ப்பார்கள். பசிபிக் மெடல் தொலைந்துவிட்டது என்று வருந்தும் குடும்பங்களுக்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவதுதான் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அது இத்தாலி ஸ்டார். 1943 ஜூன் 11-க்குப் பிறகு மத்தியதரைக் கடலில் போர்ப்பணியில் இருந்தவர்களுக்கு உரியது. உங்கள் வீட்டில் யாராவது இத்தாலி என்ற பேச்சை எடுத்ததுண்டா?

வல்லநாட்டான்

ஒரு நாளும் இல்லை. பெரியம்மாவிடம் போனில் கேட்டேன், "இத்தாலியா? அவுக பம்பாய் தாண்டுனதே இல்லையேடா" என்றார்கள். மெடல் வேறு யாருடையதாவது மாறி வந்திருக்குமோ?

கொடிமரம்

மாறியும் வந்திருக்கலாம், அதனால்தான் பின்பக்க எழுத்து வேண்டும் என்கிறார். ஆனால் நம்பமுடியாத விஷயம் ஒன்றும் இல்லை. 1943 ஜூலை 10-ஆம் தேதி நேச நாடுகள் சிசிலித் தீவில் இறங்கின. அந்தப் பெரிய கப்பல் கூட்டத்தில் நம் ராயல் இந்தியன் நேவியின் இரண்டு ஸ்லூப்கள், அதாவது சிறிய போர்க்கப்பல்கள், இருந்தன. ஒன்று சட்லெஜ், இன்னொன்று ஜம்னா. நம் நதிகளின் பெயர்தான். நர்மதா, கோதாவரி, கிருஷ்ணா, காவேரி என்று எல்லா நதிக்கும் அப்போது கப்பல் உண்டு.

அந்தக் கடற்படையின் வளர்ச்சியையும் நினைத்துப் பாருங்கள். 1939-இல் போர் தொடங்கும்போது இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. போர் முடியும்போது 25,000-க்கும் மேல். முன்பு பெரும்பாலும் ரத்தினகிரிப் பக்கத்தாரும் பஞ்சாபியரும்தான் இருந்தார்கள். அவசரத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் சென்னை மாகாணத்துப் பையன்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர்களை சிக்னல், வயர்லெஸ் பக்கம் எடுத்துக்கொண்டார்கள். மின்னல் சின்னம் குத்திய உங்கள் தாத்தாவும் அப்படிப் போனவராகத்தான் இருப்பார்.

இத்தாலி ஸ்டாரும் பர்மா ஸ்டாரும் ஒரே ஆளிடம் இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஜம்னாவைத்தான். சிசிலிக்குப் பிறகு அது இந்தப் பக்கம் திரும்பி வந்தது. 1945 ஜனவரியில் பர்மாவின் அரக்கான் கரையில் மைபோன் தரையிறக்கத்துக்கு நர்மதாவும் ஜம்னாவும் பீரங்கித் துணை கொடுத்தன. ஆனால் சந்தேகம் என்பது சாட்சி ஆகாது. அந்த மடித்த காகிதம்தான் சொல்ல வேண்டும். பார்த்தால் அது சேவைச் சான்றிதழ் போலத் தெரிகிறது. அதில் கப்பல் பெயர்கள் தேதியோடு வரிசையாக இருக்கும்.

நாகூர்க் கடல்

இடையில் வந்து என் அனுபவத்தையும் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் "வாப்பாவின் வாப்பா நேவியில் இருந்தார்" என்றுதான் சொல்வார்கள். இரண்டு வருடம் கடற்படை ஆவணங்களில் தேடி அலைந்தேன். கடைசியில் பார்த்தால் அவர் லஸ்கர், அதாவது வணிகக் கப்பலில் வேலை பார்த்த இந்திய மாலுமி. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன ரஜூலா மாதிரிக் கப்பல்கள் போரில் துருப்பு ஏற்றின. ஊரார் பார்வையில் அதுவும் நேவிதான்.

அதைத் தெரிந்தபோது முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு படிக்கப் படிக்க, அந்த மனிதர்கள் பட்ட பாடு புரிந்தது. 1943 நவம்பர் 26-இல் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானம் ஏவிய வழிகாட்டு குண்டு பட்டு ரோனா என்ற கப்பல் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளும் ஏராளமாக இறந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு.

போர் மெடல் வணிகக் கப்பல்காரர்களுக்கும் உண்டு. ஆகவே மெடல் ஒன்று மட்டும் இருந்தால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். உங்களுக்கு உடுப்புப் போட்டோ இருப்பது பெரிய கொடுப்பினை.

திருமலைத் தம்பி

வணக்கம். நான் திருகோணமலை. எங்கட பக்கத்திலும் இதே தேடல்தான். அப்பப்பா இலங்கைத் தொண்டர் கடற்படையில் இருந்தவர். 1938-இல் தொடங்கிய படை அது. போர் வந்ததும் பிரிட்டிஷ் ரோயல் நேவியின் கட்டுப்பாட்டுக்குள் போய், பிற்பாடு அதன் தொண்டர் பிரிவாகவே பெயரும் மாறியது. அதனால் இலங்கையில் இருந்தவர்களை இந்தியக் கடற்படைப் பதிவுகளில் தேடிப் பிரயோசனம் இல்லை. நான் அப்படித் தேடி ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

1942 ஏப்ரல் 9 காலை யப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டன. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியில் வந்து விழுந்து ஏழு நாள் எரிந்ததாம். அப்பப்பா அதைப் பற்றி மட்டும் கதைப்பார், மற்றதைக் கேட்டால் எழும்பிப் போய்விடுவார். கதைக்க மாட்டார்கள் என்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான் போல.

செல்வி மதுரை

என் அம்மாவின் சித்தப்பா திரும்பியே வரவில்லை. கடலில் இறந்தார், உடல் கிடைக்கவில்லை, ஒரு தந்தி மட்டும் வந்தது. எழுபது வருடம் கழித்து நான் தேடத் தொடங்கினேன். கல்லறை இல்லாத ராயல் இந்தியன் நேவி வீரர்கள், வணிகக் கப்பல் மாலுமிகள் என 6,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பம்பாய், சிட்டகாங் நினைவுப் புத்தகங்களில் இருக்கின்றன. ஒரு பிரதி மும்பை மஸ்ஜித் பந்தர் பக்கத்து இந்திய மாலுமிகள் இல்லத்திலும் இன்னொன்று சிட்டகாங் போர்க் கல்லறையிலும் உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்திலும் இலவசமாகத் தேடலாம்.

தேடும்போது நம் பெயர்கள்தான் பெரிய தொல்லை. சேர்த்துக்கொண்ட குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பார். சண்முகம் என்ற பெயரை எஸ் போட்டு, எஸ்-எச் போட்டு, அடுத்து ஏ போட்டு, யு போட்டு எல்லா விதமாகவும் தேட வேண்டும். சில இடத்தில் அப்பா பெயர் முன்னால் வந்துவிடும், சில இடத்தில் ஊர்ப் பெயரே ஆள் பெயர் ஆகிவிடும். எனக்குப் பதினோராவது எழுத்துக்கூட்டில்தான் கிடைத்தது. மும்பை போய் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். அம்மா எதுவும் பேசவில்லை, திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்தையே காட்டச் சொன்னார்கள்.

வல்லநாட்டான்

செல்வி அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நன்றி.

இதற்கிடையில் என் அத்தை மகன் இந்த இழையைப் படித்துவிட்டுக் கேட்கிறான்: "வயர்லெஸ்காரர் என்றால் தல்வாரில்தானே இருந்திருப்பார்? தல்வாரில்தானே எழுச்சி தொடங்கியது?" இதற்கு யாராவது பதில் சொல்ல முடியுமா?

கொடிமரம்

அவர் கேட்பது நியாயமான கேள்வி. தல்வார் பம்பாய் கொலாபாவில் இருந்த சிக்னல் பள்ளி. இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். கடற்படையில் கரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பார்கள். தல்வார், டல்ஹௌசி இதெல்லாம் கட்டிடங்கள். சென்னையில் இருந்த எச்.எம்.ஐ.எஸ். அடையாறும் கரைத்தளம்தான். தாத்தா அடையாறு கப்பலில் உலகம் சுற்றினார் என்று ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

1946 பிப்ரவரி 18 காலை தல்வாரில் மாலுமிகள் சாப்பிட மறுத்தார்கள். சாப்பாடு மட்டும் காரணம் இல்லை. சம்பள வேறுபாடு, அதிகாரிகள் பேசிய கேவலமான பேச்சு, நேதாஜியின் ஆசாத் ஹிந்த் படைக் கைதிகள் மீதான விசாரணை எல்லாம் சேர்ந்துதான் வெடித்தது. கராச்சி, சென்னை, விசாகப்பட்டினம் என்று பரவி, 23-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. வயர்லெஸ் கற்றவர்களில் பெரும்பாலோர் எப்போதோ ஒரு நாள் தல்வாரில் படித்திருப்பார்கள். அந்த ஆறு நாளில் அங்கே இருந்தாரா என்பதுதான் கேள்வி.

1946-இல் வெளியே வந்தவர்கள் எல்லோரும் எழுச்சியால் நீக்கப்பட்டவர்களும் அல்ல. போர் முடிந்ததும் கடற்படை ஆயிரக்கணக்கானவர்களைக் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வேலை இல்லாமல் ஊருக்கு வந்தவரைப் பார்த்து ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லும். சான்றிதழில் விடுவித்த தேதியையும் காரணத்தையும் பாருங்கள். அரிசியில் கல் பொறுக்குவதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சாப்பாட்டை எழுச்சிக்கு முன்னும் பல வருடம் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

பழம்பொருள் பிரியன்

அந்தக் காகிதத்தைப் பலவந்தமாகப் பிரிக்காதீர்கள். மழைக்கால இரவில் ஈரக்காற்றுப் படும்படி ஒரு தட்டில் திறந்து வைத்தால் மடிப்பு தானே இளகும். செல்லோ டேப் ஒட்டவே கூடாது. அப்புறம் முழுப் பக்கத்தையும் இங்கே போடாதீர்கள். எண்ணை மறைத்துவிடுங்கள். எண்ணும் பெயரும் தெரிந்தால் அதை வைத்து விற்பனைக்குப் போலி ஜோடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வல்லநாட்டான்

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அவசரப்படாமல் செய்தோம்.

முதலில் மெடல். வட்ட மெடல் விளிம்பில் ஒன்றும் மிஞ்சவில்லை. இத்தாலி ஸ்டாரின் பின்பக்கம் மட்டும் ஆச்சியின் கைபடாமல் தப்பியிருக்கிறது. சட்டகத்தில் குத்தி வைத்திருந்ததால் அந்தப் பக்கம் துலக்கவில்லை போல. டார்ச்சைச் சாய்த்ததும் எண், டெலிகிராபிஸ்ட் என்பதன் சுருக்கம், தாத்தாவின் பெயர், ராயல் இந்தியன் நேவியைக் குறிக்கும் ஆர்.ஐ.என். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. பெயரில் ஒரு எழுத்து தப்பு. ஆனால் எங்கள் தாத்தாதான்.

காகிதம் சேவைச் சான்றிதழ்தான். மூன்று நாள் ஈரக்காற்றில் வைத்தோம். 1942-இல் சேர்ந்திருக்கிறார். பயிற்சித் தளம், பிறகு தல்வார், அதன் பிறகு ஜம்னா. கொடிமரம் ஐயா, ஜம்னா! 1943 தொடக்கத்திலிருந்து 1945 நடு வரைக்கும் ஜம்னா. கடைசி வரியில் விடுவித்த மாதம் 1946 ஜனவரி. ஆட்குறைப்பில் விடுவித்ததாக எழுதியிருக்கிறது. எழுச்சிக்கு ஒரு மாதம் முன்பே தாத்தா வல்லநாட்டுக்கு வந்துவிட்டார்.

அத்தை மகனுக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம். நானும் ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் ஒரு நாள் முழுக்க ஏதோ இழந்த மாதிரிதான் இருந்தது. பிறகு ஓரத்தில் வருடா வருடம் நடத்தைக்குப் போட்டிருக்கும் இரண்டு எழுத்தைக் கவனித்தேன். வி, ஜி. எல்லா வருடமும் அதே எழுத்து. அது என்ன?

கொடிமரம்

வெரி குட். நடத்தைக்கு அதற்கு மேல் எழுத்து கிடையாது. பெரிய தண்டனை வாங்கியிருந்தால் அது தொடர்ந்து வந்திருக்காது தம்பி. உங்கள் தாத்தாவை யாரும் துரத்தவில்லை.

மீதி விவரம் வேண்டுமானால் மும்பை மான்கூர்டில் உள்ள மாலுமிகள் பணியகத்துக்கு எழுதுங்கள். மாலுமிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அதுதான். எண், சேர்ந்த வருடம், இறப்புச் சான்றிதழ் நகல், வாரிசு என்பதற்கான ஆதாரம் எல்லாம் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதிகாரியாக இருந்தவர்களுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்து இந்தியா ஆபீஸ் ஆவணங்களைப் பார்க்க வேண்டும், உங்களுக்கு அது தேவையில்லை. ஜம்னா போன இடங்களுக்கு, 1964-இல் இந்திய, பாகிஸ்தான் கூட்டு வரலாற்றுப் பிரிவு வெளியிட்ட கடற்படை வரலாறு பெரிய நூலகங்களில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

செல்வி மதுரை

பெரியம்மாவிடம் சொன்னீர்களா தம்பி?

வல்லநாட்டான்

நேற்று பாளையங்கோட்டை போய் நேரில் சொன்னேன் அக்கா. சிசிலி எங்கே இருக்கிறது என்று அட்லஸில் காட்டினேன், அதைப் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. காகிதத்தின் நகலைக் கையில் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அந்த ரெண்டு எழுத்து எங்க இருக்கு, காட்டு" என்றார்கள். காட்டினேன். வருடம் வருடமாக விரலை வைத்து எண்ணினார்கள். பிறகு அந்த நகலை மடித்து எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு மதினியைக் கூப்பிட்டார்கள்.

ஊதல் எப்படி ஒரு வயர்லெஸ்காரர் கைக்கு வந்தது என்பது மட்டும் இன்னும் புரியவில்லை. மான்கூர்டுக்கு இன்று காலை தபால் போட்டுவிட்டேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.